வாலை நம்பாதீர், தலையைப் பாருங்கள்

2000 மே மாதம் மணிலாவிலிருந்து கிளம்பிய ‘ஐ லவ் யூ’ கணனிப் புழு, தெரிந்தவர் அனுப்பிய மடலாகவே பலரிடம் வந்தது. இணைத்திருந்த கோப்பின் பெயர் ‘டீ.எக்ஸ்.டீ.’ என முடிவதாகத் தெரிந்ததால், வெறும் எழுத்துத்தானே என்று திறந்தார்கள். அதற்கும் பின்னாலிருந்த ‘வீ.பீ.எஸ்.’ என்ற உண்மையான வாலை விண்டோஸ் மறைத்திருந்தது. அது கட்டளைக் கோப்பு. திறந்ததும் படங்களை அழித்து, முகவரி ஏட்டிலிருந்த அனைவருக்கும் தன்னையே அனுப்பிக்கொண்டது.

விண்டோஸ் இன்றும் வழக்கமாக வாலை மறைக்கிறது. முதலில் அதைத் தெரியவையுங்கள். வாலையும் எவரும் மாற்றி எழுதலாமே! ஆகவே, அறியாத கோப்பை இருமுறை சொடுக்காமல், நோட்பேடுக்குள் இருந்து திறவுங்கள். அங்கே அது இயங்காது. முதலிரு ஆங்கில எழுத்துக்கள் ‘பீ.கே.’ எனில் ஸிப் வகை; வேர்ட்டின் ‘டொக்எக்ஸ்’ கூட உள்ளே ஸிப்தான். ‘எம்.ஸெட்.’ எனில் இயங்கும் நிரல். படமென்று அதை அனுப்பியவர் சொந்த மச்சானே ஆனாலும், திறக்காமல் தொலைபேசியில் கேளுங்கள்.