ஈசல் இறகில் பத்து விநாடி

"மலை வரக்கூடாது. வயல் வரக்கூடாது. ராஜா பாட்டு வரவே கூடாது."

இந்த மூன்று கட்டளைகளைக் கையில் கொடுத்துத்தான் பரிசோதனை சினிமா வகுப்பெடுக்கும் வாத்தியார் என்னை லீவுக்கு உத்தமபாளையம் அனுப்பினார். வகுப்பில் வேறு யாருக்கும் இந்தக் கெடுபிடி இல்லை. எங்கள் பள்ளத்தாக்கில் எந்தப் பக்கம் போனைத் தூக்கிப் பிடித்தாலும் ஏதோ ஒரு படத்தின் டைட்டில் காட்சி போலவே விழும். அதுதான் என் குற்றம். அல்லிநகரத்தில் பாரதிராஜா, பண்ணைப்புரத்தில் இளையராஜா, நாராயணத்தேவன்பட்டியில் பாலா. மிச்சமிருந்த மலையையும் 2018-இல் 'மேற்குத் தொடர்ச்சி மலை' வந்து எடுத்துக்கொண்டது. எனக்கென்று என்ன இருக்கிறது? ஈசல் இருந்தது!

பயிற்சிகள் மூன்று. ஆள் நடக்காமலே நகர வேண்டும். லென்ஸ் இல்லாமல் ஒரு படம் வேண்டும். கேமராவே இல்லாமல் இன்னொரு படம் வேண்டும்.

முதலாவதைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன், அதில் என் உழைப்பைவிடச் சித்தப்பா மகனின் முட்டிவலிதான் அதிகம். ஆள் குதிக்க வேண்டும், அந்தரத்தில் நிற்கும் கணத்தில் போட்டோ எடுக்க வேண்டும், ஓரடி தள்ளி மறுபடி குதிக்க வேண்டும். கோத்து ஓட்டினால் மனுஷன் தரையில் கால் படாமல் மிதந்து போவான். கனடாவில் நார்மன் மெக்லாரன் 1952-இல் 'நெய்பர்ஸ்' படத்தில் செய்து காட்டிய வித்தை இது. நம் நாட்டில் பிரமோத் பதி இதே வித்தையை அரசாங்கத்தின் பிலிம்ஸ் டிவிஷன் காசிலேயே செய்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது. விநாடிக்கு 12 போட்டோ, 15 விநாடிக்கு 180 குதி. முல்லைப் பெரியாற்றுக் கரையில் அவன் குதிக்கக் குதிக்க, சைக்கிளை நிறுத்திய ஒருவர், "ஷூட்டிங்கா? ஹீரோ யாரு?" என்றார். காட்டினேன். ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார்.

ஆற்றைப் பார்த்ததும் இன்னொன்று. பெரியாறு அணை திறக்கப்பட்டது 1895 அக்டோபர் 10. பாரிஸில் லூமியர் சகோதரர்கள் டிக்கெட் போட்டுப் படம் காட்டியது அதே வருஷம் டிசம்பர் 28. எழுபத்தொன்பது நாள்தான் வித்தியாசம்! எங்கள் பள்ளத்தாக்குக்குத் தண்ணீரும் உலகத்துக்கு சினிமாவும் ஒரே மழைக்காலத்தில் வந்திருக்கின்றன. வாத்தியாருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "நல்லா இருக்கு, படத்துல வைக்காத" என்றார்.

இரண்டாவது பயிற்சிக்கு மேற்கே பார்த்த ஜன்னலுள்ள அறை கிடைத்தது. காலையில் எதிர்வரிசை வீடுகளின் முகத்தில் வெயில் அடிக்கும், அதுதான் தோது. அட்டையும் போர்வையும் வைத்து அறையை அமாவாசை ஆக்கிவிட்டு, அட்டையில் ஒரு ஓட்டை போட்டேன். கடுகளவு ஓட்டைக்குச் சுவரில் ஒன்றும் தெரியவில்லை. கொண்டைக்கடலை அளவுக்கு வெளிச்சம் கொட்டியது, உருவம் கலங்கியது. மிளகு அளவில் நின்றது பாருங்கள், எங்கள் தெரு! கலரில், தலைகீழாக, சத்தத்தோடு. ஒளி நேர்கோட்டில்தான் போகும். மாடியிலிருந்து வரும் வெளிச்சம் ஓட்டை வழியாக நுழைந்து சுவரின் அடியில் விழும், தரையிலிருந்து வருவது மேலே ஏறும். பத்தாம் வகுப்பில் பரீட்சைக்கு எழுதியதுதான். பீரோவுக்கு மேலே டிவிஎஸ் 50 ஒன்று தலைகீழாக ஓடியபோதுதான் புரிந்தது. அப்பத்தா உள்ளே வந்து கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தது.

"ஏண்டி, பால்காரரு ஏன் நம்ம செவுத்துல தலகீழா போறாரு?"

போனுக்கு அந்த வெளிச்சம் போதாது. ஒரு போட்டோவுக்கு ஒரு விநாடி ஷட்டரைத் திறந்து வைத்தேன். அசைந்தவர்கள் எல்லாம் புகையாகிக் காணாமல் போனார்கள். எதிர்வீட்டுத் திண்ணைத் தாத்தா மட்டும் அட்சரம் பிசகாமல் விழுந்தார். அவருக்கு அன்று வேறு வேலை இல்லை போலும்.

இனி அசல் விஷயம். கேமரா இல்லாத படம் என்றால் பிலிம் மேலேயே கைவைப்பது. லென் லை 1935-இல் பிலிமில் நேராகப் பெயின்ட் அடித்து 'எ கலர் பாக்ஸ்' எடுத்தார். அத்தனை வண்ணமும் ஆடி முடிந்ததும் கடைசியில் வருவது பிரிட்டிஷ் தபால் இலாகாவின் பார்சல் விளம்பரம். ஸ்டான் பிராக்கேஜ் 1963-இல் பிலிம் வாங்கக்கூடக் காசில்லாமல், விளக்கில் விழுந்து செத்த அந்துப்பூச்சிகளின் இறகுகளை டேப்புக்கு நடுவே ஒட்டி 'மாத்லைட்' என்று ஓட்டினார்.

என்னிடம் பிலிம் இல்லை. மாமாவிடம் இருந்தது. ஒரு பிஸ்கட் டப்பா நிறைய, டூரிங் டாக்கீஸ் ஆபரேட்டர் வெட்டி எறிந்த துண்டுகள், எல்லாம் சின்ன வயசில் கோலிக்குண்டு கொடுத்துச் சேர்த்தது. பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் போட்டதும் படம் அப்படியே வழுவழுத்து உரிந்தது. வளையல் போட்ட ஒரு கை, ஒவ்வொரு கட்டத்திலும் அதே கை, கரைந்து போனது.

"யாரு கை மாமா இது?"

"தெரியலத்தா. நாலு குண்டு குடுத்து வாங்குனேன்."

35 எம்எம் பிலிமில் ஒரு விநாடிக்கு 24 கட்டம், நீளத்தில் ஒன்றரை அடி. டேப் போட்டு ஒட்டியதில் 15 அடி தேறியது. பத்து விநாடி! அதை நிரப்ப, மழை விட்ட சாயங்காலம் டியூப்லைட்டை அணைக்க விடாமல் காத்திருந்தேன். அப்பத்தாவுக்குத் தாங்கவில்லை. "ஊரு உலகத்துல ஈசலப் புடிச்சு வறுத்துத் திம்பாக. இவ றெக்கையப் பொறக்குறா." இறகு ஒவ்வொன்றும் ஒரு கட்டத்துக்குள் அடங்காமல் அடுத்ததில் கால் நீட்டியது. நடுவில் கம்பம் பன்னீர் திராட்சைத் தோல். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய ஐட்டமாக்கும்! பேப்பர் இடுக்கில் வைத்து அழுத்திக் காயவைத்து ஒட்டினேன்.

மறுநாள் காலையில் திராட்சைப் பகுதி முழுக்க எறும்பு. டேப் ஓரத்தைப் பிரித்து உள்ளே புகுந்து, ஊதாவில் வெள்ளைக் கோடு கோடாகத் தின்று வைத்திருந்தது. அழுதுகொண்டே கண்ணாடிக்கு அடியில் டியூப்லைட் வைத்து 240 கட்டத்தையும் போனில் எடுத்தேன். ஓட்டிப் பார்த்தால் ஈசல் இறகுகள் மூச்சு விட்டன, அதன் பிறகு ஊதாவில் மின்னல் வெட்டியது. வகுப்பில் வாத்தியார் எழுந்து நின்று, "அந்தக் கீறல் என்ன நிதானம்! ஊசியா, பிளேடா?" என்றார். ஊசி என்றேன். எறும்புகள் மன்னிக்க வேண்டும்.

ஆனால் முதல் திரையிடல் வகுப்பில் நடக்கவில்லை. கிளம்புவதற்கு முந்தின நாள் மாமா ஒரு பியூஸ் போன குண்டு பல்பைக் கொண்டுவந்தார். அடியைத் தட்டி, உள்ளிருந்ததை நோண்டி எடுத்து, தண்ணீர் நிரப்பினார். சித்தப்பா மகன் வெளியே வெயிலில் முகக்கண்ணாடியைப் பிடித்து, என் ஓட்டையை இன்னும் பெரிதாக்கி வெளிச்சத்தை உள்ளே அடித்தான். வெளிச்சத்துக்கு முன்னால் பிலிம், அதற்கு முன்னால் பல்பு, எதிர்ச்சுவரில் மாமாவின் வேட்டி. பரிசோதனை சினிமா என்று நான் கட்டணம் கட்டிப் படிப்பதை இவர் மூன்றாம் வகுப்பிலேயே முடித்திருக்கிறார்! பத்து விநாடிப் படத்தை மாமா கையால் இழுத்து இழுத்து அரைமணி நேரம் ஓட்டினார். ஒவ்வொரு இறகின் நரம்பும் ஆள் உயரத்துக்கு நின்றது. திராட்சை வந்தபோது அப்பத்தாவின் வெள்ளை முடி ஊதாவானது.

அடுத்த செமஸ்டருக்கு 30 விநாடிப் படம் கேட்டிருக்கிறார்கள். 45 அடி வேண்டும். உங்கள் வீட்டுப் பரணில் பழைய பிலிம் துண்டு கிடந்தால் தயவுசெய்து குப்பையில் போட்டுவிடாதீர்கள். மாமாவின் டப்பாவில் மிச்சம் இரண்டு அடிதான். அதில் ரஜினி இருக்கிறார், தரமாட்டாராம்.