ரினைசன்ஸ்: தி மிக்ஸ் கலெக்‌ஷன், 1994

இங்கிலாந்தின் மான்ஸ்ஃபீல்டு நகரில் 1992இல் தொடங்கிய ரினைசன்ஸ் நடன கிளப்பின் பெயரில், டிஜேக்கள் சாஷாவும் ஜான் டிக்வீடும் தொகுத்த மூன்று சிடிக்கள். அதற்கு முன் டிஜேக்களின் இசை பெரும்பாலும் உரிமம் பெறாத கேசட்டுகளாகக் கைமாறியது. கடைக்கு வரும் தொகுப்புக்கோ ஒவ்வொரு பாடலுக்கும் உரிமம் வாங்கியாக வேண்டும்.

இதில் பாட்டுக்குப் பாட்டு இடைவெளி கிடையாது. கிளப் மேடையில் டிஜே, ஓடும் இசைத்தட்டின் தாளத்தோடு அடுத்ததன் வேகத்தை ஹெட்ஃபோனில் கேட்டுப் பொருத்துவார். டெக்னிக்ஸ் 1200 டர்ன்டேபிளின் ஓரத்தில், விரலால் தள்ளும் சிறு நழுவுபிடி வேகத்தை 8 சதவீதம் வரை கூட்டும், குறைக்கும். முதல் பாட்டின் பேஸ் தணியத் தணிய, இரண்டாவதன் தாளம் மேலேறும். அந்தக் கலவை இரண்டு பாடல்களின் தனித் தட்டுகளிலும் இல்லை. தொகுப்பில் மட்டுமே உண்டு. இத்தகைய தொகுப்புகள் இன்றும் தேடிக் கேட்கப்படுவதற்குப் பழைய நினைவுகளைவிட இதுவே வலுவான காரணம். உரிமச் சிக்கலால் இவ்வகைத் தொகுப்புகள் பல இணைய இசைச் சேவைகளில் முழுமையாகக் கிடைப்பதில்லை. சிடியைப் பலர் கைவிடாததற்கு அதுவும் ஒரு காரணம்.

இதே இருவரின் 'நார்தர்ன் எக்ஸ்போஷர்' தொகுப்பு 1996இல் வந்தது. லண்டன் ஃபேப்ரிக் கிளப் 2001 முதல் தன் டிஜே தொகுப்புத் தொடரைத் தகரப் பெட்டிகளில் வெளியிட்டது.