காவிரி காவல் காத்த கோட்டை!

கோடை விடுமுறை வந்தால் மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டைப் பக்கத்துக் குடும்பங்கள் பல மைசூருக்குச் சுற்றுலா போவதுண்டு. மைசூர் வருவதற்குச் சற்று முன்னால் ரயில் காவிரியைத் தாண்டும். இடிந்த மதில்கள் கண்ணில் படும். சிறிது தூரத்தில் ரயில் மறுபடியும் காவிரியைத் தாண்டும்.

நடுவில் இருப்பது ஒரு தீவு. அதுதான் ஸ்ரீரங்கப்பட்டணம்!

இங்கே காவிரி இரண்டாகப் பிரிந்து, தீவைச் சுற்றிக்கொண்டு, மீண்டும் ஒன்றாகச் சேருகிறது. நம் ஸ்ரீரங்கத்தைப் போலவே இங்கும் அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். தீவின் மேற்கு முனையில் கோட்டை. அங்கிருந்துதான் ஹைதர் அலியும், அவர் மகன் திப்பு சுல்தானும் மைசூர் நாட்டை ஆண்டார்கள்.

ஆறே அகழி. அதுதான் கோட்டையின் பலம். அந்தப் பலம் எப்படிக் கைவிட்டது?

சிறைக்கு வந்த வீரர்

1780-ம் ஆண்டு செப்டம்பர் 10-ந் தேதி. காஞ்சீபுரம் அருகே புள்ளலூரில் பெரும் போர் நடந்தது. கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படை தோற்றது. பிடிபட்டவர்களை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டுபோய்ச் சிறையில் அடைத்தார்கள். பெய்லி சிறையிலேயே மாண்டார்.

கைதிகளில் டேவிட் பெயர்டு என்ற இளம் அதிகாரியும் ஒருவர். 1784-ம் ஆண்டில்தான் அவருக்கு விடுதலை கிடைத்தது. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பணயமாகப் போன பிள்ளைகள்

1792-ம் ஆண்டு கார்ன்வாலிஸ் பிரபு பெரும் படையோடு வந்து கோட்டையை வளைத்தார். திப்பு சமாதானத்துக்கு இறங்கினார். நிபந்தனை கடுமையானது. பாதி நாட்டைக் கொடுக்க வேண்டும். மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். அதுவரை திப்புவின் பிள்ளைகள் இருவர் பணயமாக இருக்க வேண்டும்!

மூத்த பையனுக்குப் பத்து வயது இருக்கும். இளையவனுக்கு எட்டு வயது. தகப்பனைப் பிரிந்து இருவரும் சென்னைக்கு வந்தார்கள். 1794-ம் ஆண்டில்தான் வீடு திரும்பினார்கள். சேலமும் திண்டுக்கல்லும் கம்பெனியார் கைக்குப் போனதும் இந்த உடன்படிக்கையால்தான்.

ஆறு முந்துமா? பீரங்கி முந்துமா?

1799-ம் ஆண்டு பிப்ரவரியில் ஜெனரல் ஹாரிஸ் வேலூரிலிருந்து புறப்பட்டார். ஏப்ரலில் அவர் படை கோட்டைக்கு எதிரே வந்து இறங்கியது.

ஜூன் வந்தால் குடகு மலையில் மழை கொட்டும். காவிரி பொங்கும். பிறகு எந்தப் படையும் ஆற்றைக் கடக்க முடியாது. சில வாரங்கள் தாக்குப்பிடித்தால் போதும். மீதியை ஆறு பார்த்துக்கொள்ளும்!

ஹாரிசுக்கும் இது தெரியும். அவர் படையில் அரிசி வேறு குறைந்துகொண்டே வந்தது. எனவே அவர் தாமதிக்கவில்லை. மதிலின் வடமேற்கு மூலையை நோக்கி இரவு பகலாகப் பீரங்கிகள் முழங்கின. மே மாதத் தொடக்கத்தில் மதில் உடைந்தது.

மே 4-ந் தேதி, பகல் ஒரு மணி. கொளுத்தும் வெயில். கோட்டைக்குள் பலர் உணவிலும் ஓய்விலும் இருந்த நேரம். ஆங்கிலப் படை ஆற்றில் இறங்கியது. கோடையில் வற்றியிருந்த காவிரியில் பாறைகளை மிதித்தே கடந்தார்கள். சில நிமிடங்களில் உடைந்த மதில்மேல் அவர்கள் கொடி பறந்தது.

தாக்குதலுக்குத் தலைமை தாங்கியவர் யார் தெரியுமா? முன்பு அங்கே சிறையில் கிடந்த அதே டேவிட் பெயர்டு!

திப்பு ஓடவில்லை, போரிட்டு மடிந்தார். இரவில், பிணக் குவியலுக்கு நடுவே தீவட்டி வெளிச்சத்தில் அவர் உடலைத் தேடிக் கண்டார்கள். மறுநாள் தந்தையின் சமாதிக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். பிள்ளைகளை வேலூர்க் கோட்டையில் காவலில் வைத்தார்கள். 1806-ம் ஆண்டு வேலூரில் சிப்பாய்கள் கிளர்ந்தபோது, திப்புவின் கொடி மீண்டும் ஏறியது.

இன்று என்ன பார்க்கலாம்?

மதில்கள் பல இடங்களில் சிதைந்துவிட்டன. பெய்லியின் பெயரைத் தாங்கிய நிலவறை இருக்கிறது. தரியா தௌலத் மாளிகைச் சுவரில் புள்ளலூர்ப் போர் வண்ணச் சித்திரமாக நிற்கிறது. இரட்டை ரயில் பாதைக்கு இடைஞ்சலாக இருந்த திப்புவின் ஆயுதக் கிடங்கை இடிக்காமல், 2017-ம் ஆண்டில் அப்படியே பெயர்த்து வேறிடத்துக்கு நகர்த்திவிட்டார்கள்!

குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் மே மாதத்தில் ஆற்றங்கரையில் சற்று நின்று பாருங்கள். பாறைகள் தெரியும் அந்த ஆறு, ஒரு மாதம் முன்னதாகப் பொங்கியிருந்தால், நம் நாட்டுச் சரித்திரமே வேறு வழியில் போயிருக்கலாம்.