வீட்டுப் பலகாரமும் விற்பனைப் புனலும்



ஜொகூர்த் தோட்டங்களில் இன்று பெரும்பாலும் செம்பனையே நிற்கிறது. ஆனாலும் பால்மரம் சீவிய காலத்தை நம் பெரியவர்கள் மறந்துவிடவில்லை. மரத்தில் சரிவாக வெட்டுப் போடுவார்கள். பால் அந்தக் கோட்டின் வழியே வடிந்து, தகரப் பீலியில் இறங்கி, மங்கில் சேரும். வெட்டு சரியில்லை என்றால் பால் பட்டையிலேயே வழிந்து போகும். பீலி சாய்ந்திருந்தால் தரையில் சொட்டும். மங்கு கவிழ்ந்திருந்தால் காலை நேரத்து உழைப்பு முழுவதும் வீண். ஆகவே, மரத்தில் பால் இருந்தால் மட்டும் போதாது. அது வாளிக்கு வந்து சேர ஒழுங்கான வழியும் வேண்டும்.

இணையத்தின் வழி பொருள் விற்பதும் இதைப் போன்ற காரியந்தான். குளுவாங், லாபிஸ், சிகாமட், கூலாய் வட்டாரங்களில் தோட்டத்து லயங்களிலும், தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் வாழும் தாமான்களிலும், நம் மாதர்கள் முறுக்கு, அதிரசம், ஊறுகாய், மசாலைத்தூள் செய்து விற்கிறார்கள். ரவிக்கை தைக்கிறார்கள், மாலை கட்டுகிறார்கள். முன்பு அண்டை வீட்டாரும் கோயிலுக்கு வருவோரும் வாங்கினார்கள். இன்று கைத்தொலைபேசியில் ஒரு படம் போட்டால் ஜொகூர் பாருவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் விசாரிக்கிறார்கள். இது நல்ல வாய்ப்பு. ஆனால் இந்த வாய்ப்போடு கூடவே ஒரு செலவும் நம் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. "விற்பனைப் புனல் அமைக்கும் மென்பொருள்" என்பது அதன் பெயர். அதை வாங்கலாமா, வாங்கினால் எதை வாங்குவது என்பதை இன்று ஆராய்வோம்.

புனல் என்றால் மண்ணெண்ணெய் ஊற்ற நாம் பயன்படுத்தும் அதே புனல்தான். மேலே வாய் அகலம், கீழே துளை சிறிது. நம் விளம்பரத்தைப் பலர் பார்க்கிறார்கள். அவர்களில் சிலர் விலை கேட்கிறார்கள். கேட்டவர்களில் சிலர் வாங்குகிறார்கள். வாங்கியவர்களில் சிலர் மறுபடியும் வருகிறார்கள். இந்தப் படிகளை 1898ஆம் ஆண்டிலேயே அமெரிக்க விளம்பரக்காரர் எலியாஸ் செயின்ட் எல்மோ லூயிஸ் வகுத்துக் காட்டினார் என்று கூறுவர். 1924இல் வில்லியம் டவுன்சென்ட் என்பவர் அதைப் புனலுக்கு ஒப்பிட்டார். ஆக, புனல் என்ற கருத்து கணினிக்கு முந்தியது. கணினி செய்வதெல்லாம் இந்தப் படிகளை ஒன்றோடொன்று இணைத்துக் கொடுப்பதுதான். ஒரு பக்கத்தில் படமும் விலையும் காட்டுவது, பெயரையும் எண்ணையும் வாங்கி வைப்பது, தானாகப் பதில் அனுப்புவது, பணம் பெறுவது, கணக்கு எழுதுவது ஆகியவையே அதன் வேலைகள்.

இந்த வேலைகளைச் செய்யும் கருவிகளை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, நம் கையில் ஏற்கெனவே இருப்பது. 2018இல் வந்த வாட்ஸ்அப் பிஸ்னஸ் என்ற செயலி இலவசம். அதில் பொருள்களைப் படத்தோடும் விலையோடும் அடுக்கி வைக்கலாம். "பணம் கட்டியவர்", "இன்னும் கட்டாதவர்" என்று வாடிக்கையாளருக்கு அடையாளம் இடலாம். நாம் காட்டில் வேலையாக இருக்கும்போது, "மாலை ஐந்து மணிக்குப் பதில் தருகிறோம்" என்று அதுவே சொல்லிவிடும். கூகுள் படிவத்தில் ஆர்டர் வாங்கினால் பெயரும் எண்ணிக்கையும் தாமாகவே பட்டியலாகிவிடும். அதுவும் இலவசம்.

இரண்டாம் வகை, இணையச் சந்தைகள். லசாடா, ஷோப்பீ, டிக்டாக் ஷாப் ஆகியவை இவ்வகை. சந்தைக்கு வரும் கூட்டம் அங்கே தயாராக இருக்கிறது. அது பெரிய நன்மை. ஆனால் ஒவ்வொரு விற்பனைக்கும் கழிவு பிடிப்பார்கள். அதோடு, வாங்குபவர் சந்தையின் வாடிக்கையாளரே அன்றி நம் வாடிக்கையாளர் ஆகமாட்டார்.

மூன்றாம் வகை, சொந்த இணையக் கடை அமைத்துத் தருபவை. கனடாவின் ஷோப்பிஃபை, நம் நாட்டு நிறுவனங்களான ஈஸிஸ்டோர், சைட்ஜயண்ட் முதலியன இதில் அடங்கும். இவற்றுக்கு மாதச் சந்தாவோ ஆண்டுச் சந்தாவோ உண்டு.

நான்காம் வகைதான் புனல் மென்பொருள் என்றே விற்கப்படுபவை. 2014இல் அமெரிக்காவில் தோன்றிய கிளிக்ஃபனல்ஸ் இவற்றுள் பெயர் பெற்றது. அதன் தொடக்கச் சந்தா பல ஆண்டுகளாக மாதம் 97 அமெரிக்க டாலராக இருந்துவந்தது. சிஸ்டம் டாட் ஐஓ என்ற மற்றொன்றில் இலவசத் திட்டமும் உண்டு. தமிழ்நாட்டில் தென்காசிக்கு அருகே மத்தளம்பாறை என்ற கிராமத்திலும் அலுவலகம் வைத்து நடத்தும் ஸோஹோ நிறுவனமும் இத்தகைய வேலைகளுக்கான மென்பொருள்களைத் தருகிறது.

இனி, ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பொட்டலம் முறுக்கு 10 வெள்ளி. மாவு, எண்ணெய், எரிவாயு, பொட்டலம் கட்டும் செலவு எல்லாம் 6 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 4 வெள்ளி. 97 டாலர் என்பது நம் பணத்தில் ஏறக்குறைய 400 வெள்ளி. அப்படியானால் மாதம் 100 பொட்டலம் விற்றால்தான் மென்பொருளுக்கே கட்டுப்படியாகும். நூற்று ஒன்றாவது பொட்டலத்தில்தான் நம் பிள்ளைகளுக்கு முதல் 4 வெள்ளி. தீபாவளி மாதத்தில் இது முடியலாம். மற்ற மாதங்களில்? சந்தா மட்டும் பண்டிகை பார்ப்பதில்லை. மாதந்தோறும் வந்து நிற்கும்.

சந்தையில் விற்றால் என்ன ஆகும்? நூற்றுக்குப் பத்து கழிவு என்று கொள்வோம். பொட்டலத்துக்கு 1 வெள்ளி போய் 3 வெள்ளி நிற்கும். ஆனால் விற்காத மாதத்தில் கழிவும் இல்லை. விற்றால் மட்டும் செலவு என்பது சிறு வியாபாரிக்கு ஏற்றது. விற்றாலும் விற்காவிட்டாலும் செலவு என்பது, விற்பனை நிலைப்பட்ட பிறகு யோசிக்க வேண்டியது.

அடுத்து, நம் புனல் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். இதற்கு மென்பொருள் வேண்டாம். கடையில் கடன் எழுத நாம் வாங்கும் 555 புத்தகம் ஒன்று போதும். அதில் நான்கு கோடுகள் இழுத்து, வாரத்தில் எத்தனை பேர் படத்தைப் பார்த்தார்கள், எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேர் பணம் கட்டினார்கள், எத்தனை பேர் திரும்ப வந்தார்கள் என்று எழுதிவாருங்கள். நான்கு வாரம் எழுதினால் உண்மை விளங்கும்.

இருநூறு பேர் பார்த்து ஐந்து பேர்தான் கேட்டார்கள் என்றால், படம் தெளிவாக இல்லை, அல்லது விலை எழுதப்படவில்லை. நாற்பது பேர் கேட்டு ஆறு பேர்தான் வாங்கினார்கள் என்றால், நம் பதில் தாமதமாகிறது, அல்லது அஞ்சல் கட்டணத்தைக் கடைசியில் சொல்லி அவர்களைத் திகைக்க வைக்கிறோம். இருபது பேர் வாங்கி ஒருவரும் திரும்பவில்லை என்றால், முறுக்கு நொறுங்கிப் போய்ச் சேர்ந்திருக்கலாம். இந்த மூன்றாவது குறையை எந்த மென்பொருளும் தீர்க்காது. தடித்த அட்டைப் பெட்டிதான் தீர்க்கும். பட்டையில் வழியும் பாலுக்குப் புது வாளி வாங்கி என்ன பயன்?

கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல நேரமில்லை, ஆர்டர்கள் ஒன்றோடொன்று குழம்புகின்றன, யார் பணம் கட்டினார் என்று தெரியவில்லை என்ற நிலை வந்தால், அப்போது கருவி தேவைதான். அந்நிலையில் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு.

ஒன்று: நம் நாட்டு முறையில் பணம் வாங்குமா? நம் மக்கள் எஃப்பிஎக்ஸ் வழியாக வங்கியிலிருந்து கட்டுகிறார்கள், அல்லது டூயிட்நவ் கியூஆர் கட்டத்தைப் படம்பிடித்துக் கட்டுகிறார்கள். கடன் அட்டை மட்டுமே ஏற்கும் வெளிநாட்டுப் பக்கத்தில் பாதி வழியில் திரும்பிவிடுவார்கள். நம் நாட்டில் பில்பிளீஸ், தொய்யிப்பே போன்ற பணம் வசூலிக்கும் சேவைகள் உள்ளன. எந்த மென்பொருளும் இவற்றோடு சேர்ந்து வேலை செய்யுமா என்று முதலில் கேளுங்கள்.

இரண்டு: வாடிக்கையாளரிடம் எந்த வழியில் பேசும்? மேல்நாட்டுப் புனல் மென்பொருள்களின் பலமே மின்னஞ்சல்தான். நம் அக்காமார்களும் பெரியம்மாமார்களும் மின்னஞ்சலைத் திறப்பதே அரிது; வாட்ஸ்அப்பைத்தான் பார்க்கிறார்கள். ஆகவே, அங்கே சிறந்த கருவி இங்கேயும் சிறந்ததாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

மூன்று: வாடிக்கையாளர் பட்டியல் யாருடையது? பெயர்களையும் எண்களையும் நாம் வேண்டும்போது வெளியே எடுத்துக்கொள்ள முடியுமா? சந்தாவை நிறுத்திய மறுநாளே பட்டியல் பூட்டப்பட்டுவிட்டால், மூன்று தீபாவளி சேர்த்த உறவும் போய்விடும். மாதம் ஒருமுறை பட்டியலை நம் நோட்டில் எழுதி வைப்பது நல்லது. அந்தப் பட்டியலைப் பிறருக்குக் கொடுக்கவும் கூடாது. வியாபாரத்துக்காகப் பெற்ற தனிநபர் விவரங்களைக் காக்க 2010ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று நம் நாட்டில் இருக்கிறது.

நான்கு: எப்படி நிறுத்துவது? "முதல் பதினான்கு நாள் இலவசம்" என்பார்கள். அட்டை எண்ணைக் கொடுத்துவிட்டால் பதினைந்தாம் நாள் பணம் தானாகவே கழியும். நிறுத்தும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று சேரும் முன்பே பாருங்கள். கட்டணம் டாலரிலா வெள்ளியிலா என்றும் பாருங்கள்.

ஐந்து: நம் கைத்தொலைபேசியில் ஓடுமா? தோட்டத்தில் அலைவரிசை சில இடங்களில் மெலிந்திருக்கும். வாடிக்கையாளர் பார்க்கும் பக்கம் திறக்க நெடுநேரம் எடுத்தால் அவர் காத்திருக்கமாட்டார். தமிழிலும் மலாயிலும் எழுத முடிகிறதா என்றும் சோதியுங்கள்.

ஆறு: கணக்கு யார் பெயரில்? பல வீடுகளில் படித்த மகள்தான் எல்லாவற்றையும் திறந்து கொடுக்கிறாள். நாளை அவள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகலாம், திருமணமாகிப் போகலாம். கணக்கை வியாபாரம் செய்யும் தாயின் எண்ணிலேயே பதிந்து, கடவுச்சொல்லை எழுதி வீட்டில் பத்திரப்படுத்துங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். புனல் மென்பொருளை விற்பவரும் நமக்கு ஒரு புனல் வைத்திருக்கிறார். இலவச வகுப்பு என்று அழைப்பு வரும். வகுப்பின் முடிவில், "இன்றிரவுக்குள் சேர்ந்தால் பாதி விலை" என்று ஒரு கடிகாரம் ஓடும். பக்கத்தை மூடித் திறந்தால் அதே கடிகாரம் முதலிலிருந்து ஓடுவதையும் காணலாம். அந்த அவசரம் அவருடையது. நமக்கு அவசரம் ஏதுமில்லை. ஒரு வாரம் பொறுத்து, வீட்டில் கலந்து பேசி முடிவு செய்யலாம். அதேபோல், ஒரே நேரத்தில் ஆயிரம் பேருக்கு வாட்ஸ்அப் செய்தி வீசும் "பிளாஸ்டர்" மென்பொருளையும் தவிர்த்துவிடுங்கள். கேட்காதவர்களுக்குச் செய்தி கொட்டினால் வாட்ஸ்அப் நம் எண்ணையே முடக்கிவிடக்கூடும். பத்தாண்டு பழகிய எண் போனால், வியாபாரமும் அதோடு போகும். பணம் ஏமாற்றப்பட்டதாகத் தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல், தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 என்ற எண்ணை உடனே அழையுங்கள். நேரம் கடக்கக் கடக்கப் பணத்தைப் பிடிப்பது கடினமாகும்.

எந்தக் கருவியைத் தேர்ந்தாலும் அடிப்படை ஒழுங்குகள் சில மாறா. எஸ்எஸ்எம் என்ற நிறுவன ஆணையத்தில் தொழிலைப் பதிவு செய்யுங்கள். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப் பெயரில் 60 வெள்ளி. பதிவு இருந்தால் வங்கிக் கணக்கும், பணம் வசூலிக்கும் சேவைகளும், தெக்கூன் நிறுவனம் இந்திய சமூகத்துக்கென வைத்திருக்கும் ஸ்பூமி போன்ற கடன் திட்டங்களும் எட்டும் தூரத்துக்கு வரும். உணவு விற்போர் உணவு கையாளும் பயிற்சியும் டைபாய்டு தடுப்பூசியும் பெற்றிருக்க வேண்டும். இணையத்தில் விற்பவர் பெயர், பதிவெண், தொடர்பு எண், அஞ்சல் செலவு சேர்ந்த முழு விலை ஆகியவற்றை மறைக்காமல் காட்டவேண்டும். இது விதி மட்டுமல்ல. முகம் தெரியாதவர் நம்மை நம்புவதற்கு இதுவே முதல் காரணம். இவற்றைக் கற்றுக்கொள்ள, முன்பு பெடி என்றும் இப்போது நாடி என்றும் அழைக்கப்படும் சமூக இணைய மையங்கள் உதவும். அருகில் இருந்தால் சென்று கேளுங்கள்.

முடிவாகச் சொன்னால், நம் ஆலோசனை இதுதான். முதலில் 555 புத்தகம். அடுத்து இலவச வாட்ஸ்அப் பிஸ்னஸும் ஒரு படிவமும் ஒரு கியூஆர் கட்டமும். இவற்றைக் கொண்டு ஒரு பண்டிகைக் காலத்தைக் கடந்து பாருங்கள். கை போதாமல் ஆர்டர்கள் தங்கிப் போகின்றன என்று கணக்கே காட்டினால், சந்தையிலோ நம் நாட்டு இணையக் கடையிலோ சிறிய திட்டமாகச் சேருங்கள். பெரிய புனல் மென்பொருள் கடைசிப் படி; அதன் சந்தா, அதனால் கூடும் மிச்சத்தில் பாதிக்கு மேல் போகாத நாளில்தான் அந்தப் படியில் ஏற வேண்டும். விரலுக்குத் தக்க வீக்கம் என்று பெரியவர்கள் சொன்னது வியாபாரத்துக்கும் பொருந்தும்.

அடுப்படியில் நின்று சம்பாதிக்கும் ஒவ்வொரு வெள்ளியும் ஒரு பிள்ளையின் பள்ளிக்கட்டணம், ஒரு மருந்துச் சீட்டு, ஒரு மாத வாடகை. அது வழியில் சிந்திவிடாமல் வீடு வந்து சேரட்டும்.