கணக்கு அவர் கையில், பொறுப்பு உங்கள் தலையில்!

முன்னொரு காலத்திலே கொழும்புச் செட்டியார் தெருவிலும் யாழ்ப்பாணப் பெரிய கடையிலும் வியாபாரம் நடத்தியோர், கடையின் உட்புறத்திற் பாய் விரித்து, சாய்மேசை ஒன்றை முன்வைத்து அமர்ந்திருக்கும் கணக்கப்பிள்ளையை நம்பியே வாழ்ந்தனர். முதலாளியின் மனைவிக்குத் தெரியாத கடனும் கணக்கப்பிள்ளைக்குத் தெரியும். ஆயினும் மாலையிற் கடை பூட்டுமுன் அவர் பேரேட்டை முதலாளியின் முன் விரித்து வைப்பார். முதலாளியும் வரவு செலவைக் கூட்டிப் பார்த்த பின்னரே விளக்கை அணைப்பார். அங்கே நம்பிக்கையும் இருந்தது, பார்வையும் இருந்தது.

இன்று பாயும் சாய்மேசையும் மறைந்தன. அவற்றோடு அந்தப் பார்வையும் மறைந்துவிட்டதோ என்று அஞ்ச வேண்டியிருக்கிறது. கடை வைத்திருப்போரும், வீட்டிலிருந்து தையற்றொழில் செய்வோரும், மாலை வகுப்பு நடத்தும் ஆசிரியர்களும் தம் பற்றுச்சீட்டுகளை ஒரு பையிலே கட்டி, “எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், ஐயா” என்று யாரோ ஒரு கணக்காளரிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாய் உறங்குகின்றனர். அந்த உறக்கம் எத்தகைய விலை கேட்கும் என்பதை எனக்கு நன்கு பழக்கமான ஒரு குடும்பத்திலே கண்டேன்.

வவுனியாவில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர் அவர். சொன்ன சொல் தவறாதவர். உறவினர் ஒருவர் சொன்னதைக் கேட்டு ஒரு கணக்காளரை அமர்த்திக்கொண்டார். காலாண்டுக்கு 45,000 ரூபாய் வரி என்று கணக்காளர் சொல்வார். இவரும் அதனை நோட்டாகவே எண்ணிக் கொடுப்பார். விவரத்திரட்டிற் கையொப்பம் வேண்டுமென்றால், எழுதாத தாளிலேயே ஒப்பமிடுவார். இவ்வாறு மூன்று ஆண்டுகள் கழிந்தன.

பின்னர்க் கடையைப் பெருப்பிக்க எண்ணி வங்கியிற் கடன் கேட்டார். வங்கி முகாமையாளர் விவரத்திரட்டின் பிரதிகளைக் கேட்டார். அவற்றைப் பார்த்ததும், “இவ்வளவு சிறிய வருமானத்திற்கு இவ்வளவு பெரிய கடன் தருவதற்கில்லை” என்று கையை விரித்தார். திகைத்து வீடு வந்தவரிடமிருந்து அப்பிரதிகளை வாங்கிப் படித்தவள் அவருடைய மகள். உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவிற் கல்வி பயின்றுகொண்டிருந்தவள்.

“அப்பா, ஆண்டு முழுவதற்கும் கட்டிய வரி 24,000 என்றல்லவா இதிலே இருக்கிறது? நீங்கள் கொடுத்தது ஒரு இலட்சத்து எண்பதினாயிரம் அல்லவா?”

தந்தையிடம் விடையில்லை. ஒரு பற்றுச்சீட்டேனும் அவரிடம் இருக்கவில்லை. திணைக்களத்திற் பதிந்திருந்த தொலைபேசி இலக்கமும் மின்னஞ்சல் முகவரியும் கணக்காளருடையவையாய் இருந்தமையால், அங்கிருந்து வந்த அறிவித்தல்களும் இவர் கண்ணிற் படவில்லை. நிலுவை வரி, அதன்மேல் வட்டி, அதன்மேல் தண்டம் என்று சுமை ஏறிற்று. தாயின் தாலிக்கொடி ஒழிந்த மற்றைய நகைகள் யாவும் அடகுக்குப் போயின. “நான் ஒருவரையும் ஏமாற்றவில்லையே” என்று அவர் கலங்கியதை நான் மறக்க மாட்டேன். ஆம், அவர் ஏமாற்றவில்லை. ஆனாற் கையொப்பம் அவருடையது.

இதுவே நாம் முதலில் உணர வேண்டிய உண்மை. வருமான வரி நம் நாட்டிற்குப் புதியதன்று. 1932ஆம் ஆண்டிற் கட்டளைச் சட்டமொன்றின் மூலம் இங்கு வந்தது. இப்பொழுது நடைமுறையிலுள்ள 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம், வரி செலுத்துபவர் தம் வரியைத் தாமே மதிப்பிட்டு அறிவிக்கும் முறையை அடிப்படையாகக் கொண்டது. கணக்காளர் அதற்குத் துணை நிற்கலாம். பதில் சொல்ல வேண்டியவர் நீங்களே. அவரைத் தேர்ந்துகொள்வது ஒரு வேலையாளைத் தேர்வதன்று. உங்கள் பெயரை ஒருவரிடம் இரவல் கொடுப்பதாகும்.

அவ்வாறாயின் தகுந்தவரை அறிவது எப்படி?

முதலாவதாக, அவர் யார் என்று கேளுங்கள். 1959ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்டது இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவனம். ஒருவர் தம்மைப் பட்டயக் கணக்காளர் என்று சொன்னால், அவர் அங்கு உறுப்பினரா என்பதை அந்நிறுவனத்திடமே விசாரித்து அறியலாம். அவ்வாறு கேட்பது மரியாதைக் குறைவன்று. உண்மையான தகுதி உடையவர் அதற்காகச் சினப்பதில்லை. சிறு கடையொன்றின் அன்றாடக் கணக்கை எழுதுவதற்குப் பட்டயக் கணக்காளர்தான் வேண்டுமென்பதுமில்லை. அனுபவமிக்க கணக்கெழுதுநர் ஒருவரே போதியவராகலாம். ஆனால் இல்லாத தகுதியை உண்டென்று சொல்பவர், இல்லாத செலவையும் உண்டென்று எழுதத் தயங்க மாட்டார்.

இரண்டாவதாக, அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். நல்ல கணக்காளர் கேள்வியால் உங்களைத் தொல்லைப்படுத்துவார். வங்கிக் கூற்று எங்கே, கொள்வனவுச் சிட்டை எங்கே, வீட்டுக்கு எடுத்த பணம் எவ்வளவு, வீட்டு வாடகை வருகிறதா, வைப்பு வட்டி உண்டா என்றெல்லாம் வினவுவார். ஒன்றும் கேளாமல், “எவ்வளவு கட்ட விருப்பம்?” என்று மட்டும் கேட்பவரைக் கண்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

மூன்றாவதாக, அவர் எதனைச் சேமித்துத் தருவதாகச் சொல்கிறார் என்று ஆராயுங்கள். சட்டம் தரும் சலுகை வேறு. பொய்க் கணக்கு வேறு. எடுத்துக்காட்டாக, ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் தம் சேமிப்பை வங்கியில் நிலையான வைப்பாக இட்டிருக்கிறார் என்று கொள்வோம். 2025 ஏப்ரல் முதல் வைப்பு வட்டியில் நூற்றுக்கு 10 வீதம் முற்கூட்டியே கழிக்கப்படுகிறது. அவருடைய ஆண்டு வருமானம் 18 இலட்சத்தை மேவாதாயின், வங்கிக்கு ஒரு பிரகடனம் கொடுத்து அக்கழிவைத் தவிர்க்கலாம். இதை எடுத்துச் சொல்பவர் நல்ல கணக்காளர். “இறைவரிக் கந்தோரில் எனக்கு ஆள் இருக்கிறது, கொடுப்பதைக் கொடுத்தால் முடிந்துவிடும்” என்பவரோ உங்களையும் குற்றவாளியாக்குபவர். கையூட்டு வாங்குவது போலவே கொடுப்பதும் குற்றம். மிச்சப்படுத்திய வரியிற் பங்கு கேட்பவரையும் அணுகாதீர்கள். வரி குறையக் குறைய அவர் கூலி கூடுமாயின், அவர் பேனா எப்பக்கம் சாயும் என்பதைச் சொல்ல வேண்டுமா?

நான்காவதாக, கூலி எவ்வளவு, அதற்குச் செய்யும் வேலை எவை என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். விவரத்திரட்டு நிரப்புவது மட்டுமா, கணக்கெழுதுவதும் சேருமா, திணைக்களத்திலிருந்து கடிதம் வந்தாற் பதில் எழுதுவது யார் என்பன முன்னரே தெளிவாக வேண்டும்.

இனி, நல்லவரைத் தேர்ந்த பின்னரும் நீங்கள் கைவிடலாகாத கடமைகள் சில உண்டு. வரிப்பணத்தை எவர் கையிலும் நோட்டாகக் கொடாதீர்கள். வங்கி மூலமாகவோ இணையவழியாகவோ நீங்களே செலுத்திப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். எழுதாத தாளில் ஒருபோதும் ஒப்பமிடாதீர்கள். இணையவழிச் சேவைக்குரிய இரகசிய இலக்கம் உங்களிடம் இருக்கட்டும். பதியப்படும் தொலைபேசியும் மின்னஞ்சலும் உங்களுடையவையாய் இருக்கட்டும். மதிப்பீட்டு அறிவித்தல் ஒன்றை ஏற்காவிடின், 30 நாட்களுக்குள் நிருவாக மீளாய்வு கோர வேண்டும். கடிதம் பிறர் பெட்டியிற் கிடந்தால், அந்த நாட்கள் உங்களுக்குத் தெரியாமலே கரைந்துவிடும்.

நாட்களையும் மனத்திற் பதித்துக்கொள்ளுங்கள். வரிமதிப்பாண்டு ஏப்ரல் 1ஆம் திகதி தொடங்கி அடுத்த மார்ச் 31இல் முடிவடைகிறது. அந்த ஆண்டின் தவணைகள் ஓகஸ்ட், நவெம்பர், பெப்ரவரி, மே மாதங்களின் 15ஆம் திகதிகளிற் செலுத்தப்பட வேண்டும். எஞ்சியதை ஆண்டு முடிந்தபின் வரும் செப்டெம்பர் 30க்கு முன் கட்டி, விவரத்திரட்டை நவெம்பர் 30க்கு முன் கொடுத்தல் வேண்டும். இவற்றை அடுக்களைச் சுவரிலுள்ள நாட்காட்டியிற் குறித்து வைத்தால், கணக்காளர் மறந்தாலும் இல்லத்தரசி மறக்க மாட்டார்.

கணக்கும் அத்துணைக் கடினமானதன்று. 2025 ஏப்ரல் 1இல் தொடங்கிய ஆண்டை எடுத்துக்கொள்வோம். ஒருவருடைய தேறிய இலாபம் 30 இலட்சம்; வேறு வருமானம் இல்லை. தனியாள் நிவாரணம் 18 இலட்சத்தைக் கழித்தால் எஞ்சுவது 12 இலட்சம். முதற் பத்து இலட்சத்திற்கு நூற்றுக்கு 6 வீதம், 60,000 ரூபாய். மீதி இரண்டு இலட்சத்திற்கு 18 வீதம், 36,000 ரூபாய். ஆக வரி 96,000 ரூபாய். கணக்காளர் சொல்லும் தொகை இதற்கு மிகக் கூடினாலோ மிகக் குறைந்தாலோ, “ஏன்?” என்று கேளுங்கள். நல்லவர் விளங்கும்படி விடை சொல்வார். “அதெல்லாம் உங்களுக்கு விளங்காது” என்பதே விடையாயின், அவர் மறைக்கிறார் அல்லது அவருக்கே விளங்கவில்லை.

மாணவர்களுக்கும் ஒரு சொல். இலாப நட்டக் கணக்கையும் ஐந்தொகையையும் பரீட்சைக்கென்று மட்டும் படியாதீர்கள். ஞாயிறு மாலை அரைமணி நேரம் தந்தையாருடன் இருந்து, அவ்வாரத்துச் சிட்டைகளை ஒரு கொப்பியில் ஒழுங்காக எழுதிக் கொடுங்கள். வங்கிக் கூற்றோடு காசேட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். எத்தகைய கணக்காளரும், வீட்டிலே கணக்குப் பார்க்கும் கண் இருக்கிறது என்று அறிந்தால் கூடுதற் கவனத்துடனே நடந்துகொள்வார்.

வவுனியாக் கடைக்காரர் இப்பொழுது வேறொரு கணக்காளரிடம் போகிறார். அவரும் நல்லவர் என்றே ஊரிற் பேச்சு. ஆயினும் காலாண்டு தோறும் வங்கிக்குச் செல்வது கடைக்காரரே. பற்றுச்சீட்டை வாங்கிக் கோவையில் வைப்பது மகள். அடகுக்குப் போன நகைகளிற் பாதி மீண்டுவிட்டன. “உங்களுக்கு இன்னும் என்மேற் சந்தேகமோ?” என்று புதிய கணக்காளர் ஒருநாட் சிரித்துக்கொண்டே கேட்டாராம். “இல்லை ஐயா, ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று என் தாயார் சொல்லுவார். அளப்பதற்கு இப்போதுதான் பழகினேன்” என்றாராம் இவர்.

அளந்து பார்ப்பது அவமதிப்பன்று. நேர்மையான கணக்காளர் அதனையே விரும்புவார்.