மேடையில் விழுந்தார், எழுந்து பாடினார்!

கணக்கர் ஆக நினைத்த பெண் உலகப் பாடகி ஆனார்

நியூயார்க் நகரில் மெட்ரோபாலிட்டன் ஓபரா என்று ஒரு பெரிய அரங்கம். சுமார் 3,800 பேர் உட்காரலாம்.

2013 ஜனவரி 17-ந் தேதி இரவு. தென்னாப்பிரிக்க இளம்பெண் ஒருவர் முதன்முதலாக அங்கே பாட வந்தார். வயது 27.

மேடைக்கு வரும்போதே படிக்கட்டில் கால் தடுக்கியது. தடாலென்று விழுந்தார்!

அவ்வளவுதான் என்று யாரும் நினைப்பார்கள். ஆனால் அவர் எழுந்தார். பாடினார். கைதட்டலை அள்ளினார்.

அவர் பெயர் பிரிட்டி யெண்டே. வேறொரு பாடகி விலகியதால் கிடைத்த சான்ஸ் அது. கொஞ்ச நாளில் அவசர அவசரமாகப் பாடம் செய்துகொண்டு மேடை ஏறியவர்.

டெலிவிஷன் செய்த வேலை

சொந்த ஊர் பியட் ரெட்டீஃப். சின்ன ஊர். படித்துக் கணக்கர் ஆக வேண்டும், அதுதான் அவர் எண்ணம்.

16 வயதில் ஒருநாள் டெலிவிஷனில் விமானக் கம்பெனி விளம்பரம் பார்த்தார். பின்னணியில் இரண்டு பெண் குரல்கள். கேட்டதும் சொக்கிப் போனார். மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியரிடம் விசாரித்தார். ஓபரா பாட்டு என்று பதில் வந்தது. கணக்குப் படிப்பு போச்சு!

அந்தப் பாட்டு 'லக்மே' என்ற பிரெஞ்சு ஓபராவில் வருவது. 1883-ல் பாரிசில் அரங்கேறியது. கதை நடக்கும் இடம் எது தெரியுமா? நம் இந்தியா! குருக்கள் நீலகண்டாவின் மகள் லக்மே, வெள்ளைக்கார அதிகாரி மீது காதல் கொள்ளும் கதை.

யெண்டே கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து பாட்டுப் படித்தார்.

மைக் கிடையாது

ஓபரா என்பது பாட்டாலேயே நடக்கும் நாடகம். மைக் கிடையாது. பெரிய வாத்தியக் குழுவையும் தாண்டி, கடைசி வரிசைக்காரர் காதுக்கும் குரல் எட்ட வேண்டும். இத்தாலி, பிரெஞ்சு, ஜெர்மன் என்று பல மொழியில் பாட வேண்டும்.

குரல் பக்குவப்பட வருடக்கணக்கில் ஆகும். அதுவரை சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் என்ன வழி? பெரிய கம்பெனிகளின் கதவைத் திறப்பது யார்?

அங்கேதான் போட்டிகள் வருகின்றன. 1982-ல் வியன்னாவில் 'பெல்வெடேர்' போட்டி ஆரம்பமானது. பிரபல பாடகர் பிளாசிடோ டொமிங்கோ 1993-ல் 'ஒபராலியா' போட்டியைத் தொடங்கினார்.

பரிசுப் பணம் இரண்டாம் பட்சம். நடுவர் நாற்காலியில் உட்காருபவர்களில் பலர் ஓபரா கம்பெனிகளுக்கு ஆள் எடுப்பவர்கள்! சபையில் ஏஜெண்டுகளும் காது கொடுத்துக் கேட்பார்கள். அதனால் ஒரு பத்து நிமிடப் பாட்டு பத்து வருட வேலைக்கு வழி செய்யலாம்.

ஆபத்தும் உண்டு. வயது உச்சவரம்பு இருக்கிறது. அன்று பார்த்து ஜலதோஷம் பிடித்தால் அதோகதிதான். நூற்றுக்கணக்கானோர் மனுப் போடுவார்கள். சில டஜன் பேருக்கே மேடை.

யெண்டே 2009-ல் பெல்வெடேர் போட்டியின் எல்லாப் பிரிவிலும் முதல் பரிசு. 2011-ல் மாஸ்கோவில் நடந்த ஒபராலியாவிலும் முதல் பரிசு. இரண்டே வருடத்தில் நியூயார்க். 2023 மே 6-ந் தேதி லண்டனில் மன்னர் சார்லஸ் முடிசூட்டு விழாவிலும் பாடினார்.

தோற்றவரும் ஜெயித்தார்

பரிசு வாங்காதவர் கதி?

வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் 1983 முதல் ஒரு போட்டி நடக்கிறது. 1989-ல் அங்கே இரண்டு கனத்த குரல்காரர்கள் மோதினார்கள். ஒருவர் சைபீரியாவைச் சேர்ந்த டிமிட்ரி ஹ்வரஸ்தோவ்ஸ்கி, வயது 26. மற்றவர் வேல்ஸ் விவசாயி மகன் பிரின் டெர்ஃபெல், வயது 23. பலத்த போட்டி!

முதல் பரிசு சைபீரியாக்காரருக்கு. தனிப்பாடல் பரிசு மட்டும் டெர்ஃபெலுக்கு.

ஆனால் கேட்டவர்கள் இருவரையும் மறக்கவில்லை. இருவருமே உலகப் புகழ் பெற்றார்கள். ஹ்வரஸ்தோவ்ஸ்கி மூளைக் கட்டியால் 2017-ல், 55 வயதில் காலமானார். அதே வருடம் டெர்ஃபெலுக்கு 'சர்' பட்டம் கிடைத்தது.

சொந்த நாட்டில் தோற்றுப்போனவர்தான் அந்த 'சர்' டெர்ஃபெல்!