மிளகாயின் இலைச்சுருள்: காரணம் அறிந்து பரிகாரஞ் செய்க

வீட்டு முற்றத்தில் நாலைந்து மிளகாய்ச் செடியேனும் வளர்க்காத கமக்காரர் அரியர். அச்செடிகளின் குருத்திலைகள் சுருளத் தொடங்கியதும், கையிலகப்பட்ட பீடைநாசினியைத் தெளிப்பது பலரது வழக்கம். பயன் காணாவிடின் அளவைக் கூட்டித் தெளிப்பர். இதனாற் பணம் வீணாவதுடன், வீட்டார் நாளும் பறித்துண்ணுங் காயில் நஞ்சும் சேர்கின்றது. முற்றத்துச் செடியிற் பெருகும் பீடை அயலிலுள்ள தோட்டத்துக்கும் பரவும். இலைச்சுருளுக்குக் காரணம் ஒன்றன்று. ஆதலின் பரிகாரமும் ஒன்றன்று.

நண்பகலில் வாடிச் சுருண்ட இலை மாலையில் நிமிருமாயின், அது நீர்க்குறைவேயன்றிப் பீடையன்று. நிமிராவிடின் பின்வருமாறு சோதிக்க.

1. பனிப்பூச்சி
இலையின் ஓரங்கள் தோணிபோல மேல்நோக்கி மடியும். சாறு உறிஞ்சிய இடங்கள் வெள்ளி போல் மினுங்கிப் பின்னர்க் கபில நிறமாகும். குருத்தை வெள்ளைக் கடதாசியின்மேல் தட்டினால், ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் நீளமுள்ள பூச்சிகள் ஊர்வதைக் காணலாம். வறண்ட காலத்தில் இவை மிகும்.

வேப்பம் பருப்பு 50 கிராமை இடித்து, 1 லீற்றர் நீரில் ஓரிரவு ஊறவைத்து வடித்து, மாலையில் இலையின் இருபுறமும் நனையத் தெளிக்க. முட்டைகள் இலைக்குள்ளும், கூட்டுப்புழுக்கள் மண்ணிலும் சருகிலும் இருப்பதால், ஒரு தெளிப்பு போதாது. 7 நாட்களின் பின் மீண்டும் தெளித்தல் வேண்டும்.

2. சிற்றுண்ணி
இலையின் ஓரங்கள் கீழ்நோக்கி வளையும், இலைக்காம்பு நீளும், இலை ஒடுங்கித் தடிக்கும். சிற்றுண்ணி 0.2 மில்லிமீற்றர் அளவினதாகையாற் கைவில்லையின்றிப் புலப்படாது. இது பூச்சியினமன்று, எட்டுக்கால் உடைய உண்ணியினம். ஆகவே பூச்சிகளைக் கொல்லும் மருந்துகள் பல இதனைக் கொல்லா. மாறாக, இதனை உண்ணும் நன்மை செய் உயிரினங்களைக் கொன்று, இது மேலும் பெருக வழிசெய்யும்.

நீரிற் கலக்கத்தக்க (நனையும்) கந்தகத் தூளைப் பொதியிற் குறித்த அளவிற் கலந்து தெளிக்க. கடும் வெயிலிற் கந்தகந் தெளித்தல் ஆகாது, வேப்பெண்ணெய் முதலிய எண்ணெய்களுடன் சேர்த்தலும் ஆகாது, இலை கருகும்.

3. வைரசு நோய்
இலைகள் சிறுத்து மஞ்சளித்து மேல்நோக்கிச் சுருளும். கணுவிடை குறுகிச் செடி கட்டையாகும். இலையின் கீழ்ப்புறத்துள்ள வெண்ணிற ஈக்கள் இந்நோயைப் பரப்பும். நோயுற்ற செடியைக் குணப்படுத்தும் மருந்து இல்லை.

அச்செடியைக் காக்க எண்ணுதல் ஏனைய செடிகளை இழத்தற்கே ஏதுவாகும். முதலில் 1 லீற்றர் நீருக்கு 5 கிராம் சவர்க்காரங் கரைத்து, இலையின் கீழ்ப்புறம் தெளித்து ஈக்களை அடக்குக. பின்னர்ச் செடியை வேருடன் பிடுங்கிப் புதைத்துவிடுக. புதிய நாற்றுமேடையை நுண்ணிய வலையால் மூடி வளர்த்தல் நன்று.

சுருண்ட இலை மீண்டும் நிமிராது. எனவே பழைய இலையைக் கண்டு மீண்டும் மீண்டும் தெளியாது, புதிய குருத்து நேராக வருகின்றதா என்பதையே கவனிக்க. இரசாயன மருந்து தெளிக்க நேரின், பொதியிற் குறித்த நாட்கள் கழியுமுன் காய் பறித்தல் கூடாது. ஐயமுளதேல், சுருண்ட கிளையொன்றைப் பையிலிட்டுக் கட்டி விவசாயப் போதனாசிரியரிடங் காட்டி ஆலோசனை பெறுக.